மலைக்கு உடையவர் யார்?

திருவில்லிபுத்தூர் என்றதும் நம் கண்முன் எழுந்து நிற்பது கோபுரம். தமிழக அரசின் முத்திரையில் பொறிக்கப்பட்டிருப்பது இந்தக் கோபுரமே என்று ஊரார் பெருமையோடு சொல்வர். பட்டாவிலும் பத்திரத்திலும், ஆணையிலும் அறிவிப்பிலும் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அந்தக் கோபுரத்துக்கு மேற்கே நீலமாய் நீண்டு கிடக்கிறது மலைத்தொடர். கோபுரத்தைக் கண்டு கைகூப்புவோர் உண்டு. மலையைக் கண்டு கவி புனைவோர் உண்டு. அந்த மலையிலே தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்து வரும் பளியர்களைக் கண்டோர் எத்தனை பேர்? 'இது உன்னுடையது' என்ற ஒரு சொல்லைத் தாங்கிய தாள், அந்தக் கோபுர முத்திரையோடு அவர்களிடம் வர வேண்டுமே, அது ஏன் இத்தனை காலம் வரவில்லை? அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுகிறோம்.

நம் புலவர் பெருமக்கள் குறிஞ்சித் திணையை விரித்துரைக்கக் கேட்டிருக்கிறோம். தினைப்புனம் வரும், தேனடை வரும், அருவி வரும், மலைமகள் வருவாள். அவை ஆர்ப்பரிக்கும். ஆனால் பேச்சு முடிந்து வீடு திரும்பும் புலவர், திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்கோ, வத்திராயிருப்புப் பக்கத்துத் தாணிப்பாறைக்கோ, அத்திகோயிலுக்கோ, இராசபாளையத்து அய்யனார் கோயில் மலையடிவாரத்துக்கோ ஒருமுறை போய்ப் பார்ப்பாரானால், ஏட்டிலே தாம் கண்ட குறிஞ்சி, ஓட்டு வீட்டிலும் ஒழுகும் கூரையின் கீழும் குடியிருப்பதைக் காண்பார். அடிவாரத்திலே மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வேலி கட்டி நிற்கின்றன. தோப்பின் காய்க்கு உடையவர் உண்டு, கிணற்றுக்கு உடையவர் உண்டு. தோப்புக்குப் பின்னே தொடங்கும் காட்டுக்கோ காட்டிலாகா உடையது. இரண்டுக்கும் நடுவிலே இருக்கும் மனிதன் தோப்பிலே கூலி, காட்டிலே குற்றவாளி!

இந்த நிலை தானாக வந்ததன்று. தாள்தாளாக, சட்டம் சட்டமாக வந்தது.

பாளையக்காரர் போர் நமக்குத் தெரியும். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்டான். 1801இல் பாளையங்களின் கடைசி எதிர்ப்பும் நசுக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எஞ்சிய பாளையங்களைக் கும்பினியார் ஜமீன்களாக்கி, இவ்வளவு பேஷ்குஷ் கட்டு, இந்த மண் உனக்கு என்று 1803இல் நிலைத்த சாசனம் வழங்கினர். மலையடியிலிருந்த சேத்தூரும் சிவகிரியும் அவ்வாறு ஜமீன்களாயின. சாசனம் வயலோடு நிற்கவில்லை. மலைச்சரிவுகளும் அவற்றோடு சேர்ந்து ஜமீன் காடுகளாயின. கொடுத்தவன் கடல் கடந்து வந்தவன். வாங்கியவன் அரண்மனையில் இருந்தவன். மலை மேலே இருந்தவனுக்குச் சேதியே தெரியாது. மலைக்கு முதல் உடைமைத்தாள் எழுதப்பட்ட நாளிலேயே அவன் பெயர் அதில் இல்லை.

ஜமீனுக்கு வெளியே இருந்த மலைகளின் கதை வேறு. அதிலே ஒரு வியப்பும் இருக்கிறது. வெள்ளையர் அரசு காடுகளையெல்லாம் தன் உடைமையாக்கச் சட்டம் தீட்டியபோது, அதை எதிர்த்துப் பேசியது அவர்களுடைய சென்னை வருவாய் வாரியமே! இந்த மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது, அண்மைக் காலம் வரை அரசு எந்தக் காட்டையும் தன் சொத்தென்று உரிமை கொண்டாடியதில்லை, தேக்கு சந்தனம் ஏலம் போன்றவற்றின் மீதான வரும்படியைத் தவிர வேறெதுவும் அதற்கு இருந்ததில்லை என்ற பொருள்பட அந்த வாரியம் 1871இல் எழுதி வைத்தது. கொள்ளையில் பங்குள்ளவனே கொடுத்த வாக்குமூலம் இது. இதைவிடச் சான்று வேறு வேண்டுமா? 1878இல் வந்த இந்தியக் காட்டுச் சட்டத்தைச் சென்னை உடனே ஏற்கவில்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில் எதிர்ப்பு கரைந்தது. 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது.

ஏன் இந்த அவசரம்? இரயில்! தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் 1876இல் இருப்புப்பாதை வந்துவிட்டது. தண்டவாளத்தின் கீழே படுக்கக் கட்டை வேண்டும், எஞ்சினின் வயிற்றுக்கு விறகு வேண்டும், துறைமுகத்துக்கும் பாலத்துக்கும் பங்களாவுக்கும் மரம் வேண்டும். தேக்கும் தோதகத்தியும் வேங்கையும் அதுவரை நிழல் தந்தவை. இனி அவை கன அடிக் கணக்காயின.

1882ஆம் ஆண்டுச் சட்டம் வேலை செய்த முறையைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். இன்ன மலை காப்புக்காடாகப் போகிறது என்று கெசட்டில் அறிவிப்பு வரும். அறிவிப்பைத் தாலுகாத் தலைநகரிலும் பக்கத்து ஊர்களிலும் வெளியிடுவர். உரிமை உண்டென்போர் குறித்த கெடுவுக்குள் காட்டுத் தீர்வை அதிகாரி முன் எழுத்திலோ நேரிலோ வந்து சொல்ல வேண்டும். கெடு கடந்தால் உரிமை போயிற்று. பார்ப்பதற்கு நேர்மையான முறைதான்! ஆனால் அறிவிப்பு ஒட்டியிருக்கும் கச்சேரியின் வாயிலை மிதித்தறியாதவன், கெசட்டு என்ற சொல்லைக் கேட்டறியாதவன், மாதத்தை நிலவாலும் பருவத்தைப் பூவாலும் எண்ணுகிறவன் எப்படி வந்து முறையிடுவான்? உரிமையைக் கேட்கவில்லை, ஆகவே உரிமை இல்லை என்று எழுதினர். வாயில்லாதவனின் மௌனத்தைச் சம்மதமாக்கும் இந்த வித்தை புதிதன்று. நம் நாட்டில் சாத்திரம் செய்ததையே அங்கே சட்டம் செய்தது.

அப்படியானால் பளியர் எதிர்க்கவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வில்லெடுத்தனர், வேலெடுத்தனர் என்று எழுதினால் படிக்க நமக்கு இன்பமாக இருக்கும். எழுத முடியாது. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தார். பிறரை அடக்குவதையும் பிறரால் அடக்கப்படுவதையும் அவர்கள் ஒருங்கே வெறுக்கின்றனர் என்றும், சண்டை மூளும் போலிருந்தால் விலகிப் போய்விடுகின்றனர் என்றும் அவர் எழுதினார். கணவன் மனைவியானாலும், தந்தை மகனானாலும், ஒருவர் மீது ஒருவர் ஆணை செலுத்துவது அங்கே அழகன்று. மேல் கீழ் என்ற படிக்கட்டைத் தகர்க்க நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அந்தப் படிக்கட்டையே கட்டாமல் வாழ்ந்த கூட்டம் நம் ஊர் மலையில் இருந்திருக்கிறது. ஏச வந்தவனுக்கு எதிரே நின்று ஏசாமல், இரவோடிரவாக மலையின் அடுத்த மடிப்புக்குப் போய்விடுவது அவர்கள் எதிர்ப்பு. குத்தகைக்காரன் கூலியைக் குறைத்தால் மறுநாள் குடிசை வெறிச்சோடிக் கிடக்கும். அவனுக்கு அதுவே வேலைநிறுத்தம்.

மலைக்கு அடுத்த மடிப்பு இருந்த வரையில் இந்த எதிர்ப்புக்கு வலிமை இருந்தது. ஒரு மடிப்பு ஜமீன் காடு, மறு மடிப்பு காப்புக்காடு, அதற்கப்பால் தோட்டம், உச்சிக்கு அந்தப்பக்கம் திருவிதாங்கூர் என்று எல்லைக்கல் நெருங்க நெருங்க, விலகிப் போக இடம் குறைந்தது. போன இடத்திலெல்லாம் அவன் புதிதாக வந்தவனானான். இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறாய் என்று அதிகாரி கேட்கும்போது, விலகிப் போன அந்தப் பெருந்தன்மையே அவனுக்கு எதிர்ச்சாட்சியாயிற்று.

சுதந்திரம் வந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதே. ஒழியப் போகிறோம் என்று தெரிந்ததும் ஜமீன்தார் பலர் என்ன செய்தனர்? நிலம் போகுமுன் மரத்தையாவது காசாக்குவோம் என்று கோடரிக்காரரைக் காட்டுக்குள் அனுப்பினர். இந்த அழிவைத் தடுக்கவே தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949இல் வந்தது. அரசின் அனுமதியின்றித் தனியார் காட்டை விற்கவோ, மரத்தை வெட்டவோ கூடாது என்றது அது. அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் பொறுப்பேற்றவர் இராசபாளையத்துக்காரர், பூ. ச. குமாரசாமி ராஜா. அவர் காங்கிரசுக்காரர், அவர் பாதை வேறு, நம் பாதை வேறு. எனினும் மரத்தைக் காத்த சட்டத்தை நல்லதென்றே சொல்வோம். மரத்தின் கீழிருந்தவனைப் பற்றி அதுவும் கவலைப்படவில்லை என்பதையும் சொல்வோம்.

ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஜமீனுக்குள் அடங்கிய புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, சுரங்கம், ஆறு, ஓடை எல்லாம் அரசைச் சேரும் என்றது. உழுதவனுக்கு இரயத்துவாரிப் பட்டா. ஜமீன்தாருக்கு நட்ட ஈடு. அவர் பண்ணை நிலத்துக்குப் பட்டாவும் உண்டு. பளியருக்கு? ஏர் பூட்டிய தடம் நிலத்தில் இருக்கும். கோடரி விழுந்த தடம் மரத்தில் இருக்கும். கிழங்கை அகழ்ந்து, அதன் கொடியைத் திரும்ப மண்ணில் வைத்து, அடுத்த பருவத்துக்கு விட்டுப் போகிறவன் வைத்த தடம் எங்கே? கெடுத்தவனுக்கே உரிமை உண்டு, கெடுக்காமல் ஆண்டவனுக்கு உரிமை இல்லை என்பதே நம் நிலச் சட்டங்களின் உள்ளர்த்தமாக இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலும் சரி, விடுதலைக்குப் பின்னும் சரி, ஏட்டின் மேலட்டை மாறியது, உள்ளே கணக்கு மாறவில்லை. ஜமீன்தாரின் குத்தகைக்காரனுக்குத் தேனையும் கடுக்காயையும் கொண்டுவந்து கொட்டிய பளியன், பிறகு காட்டிலாகாவிடம் ஏலம் எடுத்த குத்தகைக்காரனுக்குக் கொண்டுவந்து கொட்டினான். முன்பணம் என்ற கயிறும் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்த்து வருவோம். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பப்புவா நியூகினி என்றொரு நாடு இருக்கிறது. அடர்ந்த மழைக்காடு. அங்கே நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு பழங்குடிக் குலங்களின் மரபுரிமை நிலம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நம் பளியருக்குக் கிட்டாத பேறு! ஆனால் என்ன நடந்தது? குலத்தாரிடமிருந்து அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது, எடுத்த அதே நிலத்தைப் பயிர்த்தொழில் என்ற பெயரில் கம்பெனிக்கு 99 ஆண்டு வரை குத்தகைக்கு விடுவது என்றொரு வழியைக் கண்டுபிடித்தனர். பயிர் வந்ததோ இல்லையோ, மரம் கப்பலேறிற்று. ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் இவ்வாறு போயிற்று. நிலத்துக்குரியோர் சாலையை மறித்தனர், வழக்குமன்றம் ஏறினர். 2011இல் விசாரணைக் குழு அமைந்தது. பெரும்பாலான குத்தகைகளில் உடையவர்களின் மெய்யான ஒப்புதலே இல்லை என்று அதன் அறிக்கைகள் கூறின. அவை 2013இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. தாள் இருந்தவனுக்கே இந்தக் கதி. தாளில்லாதவனின் கதி என்னவாகும் என்பதைத் தெரிந்துகொள்ள நாம் மேற்கு மலைக்குத் திரும்பினால் போதும்.

கோடரிக்காரன் போன பிறகு காவற்காரன் வந்தான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1988இல் இந்த மலையில் ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டரில் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தோடு இணைத்துத் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், இந்தியாவில் 51ஆவது. புலியும் அணிலும் வாழ வேண்டும். வைகைக்கு நீர் தரும் காடு நிற்க வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. இராசபாளையத்துக் குழாயில் வரும் தண்ணீரும் அந்த மலை தருவதே. ஆனால் யானைக்கால் மரத்தை வண்டி வண்டியாக இறக்கிய காலத்தில் திறந்திருந்த வாயில், தேன்கூடையோடு வந்த பெண்ணுக்கு முன்னால் மூடப்பட்டதை எந்த நீதியில் சேர்ப்பது?

ஒரு வழக்கின் கதை இதை விளக்கும். நீலகிரியின் கூடலூரில் காடுகள் சூறையாடப்படுவதைக் கண்டு, அக்காடுகளுக்கு ஒரு காலத்தில் ஜன்மியாக இருந்த நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் நாடெங்கும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடுந்தடை வந்தது. பெருங்கொள்ளையர் பலர் அடங்கினர்; நல்லதே. அதே வழக்கில் 2000 பிப்ரவரியில் மற்றொரு ஆணை: சரணாலயங்களில் பட்ட மரத்தையும் விழுந்த மரத்தையும் புல்லையும் கூட எடுக்கலாகாது. பெரிய கோடரிக்கு எதிராகத் தொடங்கிய வழக்கு, சுள்ளி பொறுக்கும் கையிலே போய் முடிந்தது.

பிறகுதான், 2006இல், நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. சிறு வனப் பொருள்கள் மீது அவர்களுக்கு 'உடைமை' உண்டென்ற சொல்லை அச்சட்டம் துணிந்து எழுதிற்று. 2005 டிசம்பர் 13க்கு முன்னிருந்தே வசித்தும் பயிரிட்டும் வரும் நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரம்புக்குள், உரிமைப் பத்திரம் உண்டென்றது. புலிகள் காப்பகமானாலும் அவர்கள் ஒப்புதலின்றி வெளியேற்றலாகாதென்றது. ஒடிசாவின் நியம்கிரி மலையை பாக்சைட்டுக்காகத் தோண்டலாமா என்ற வழக்கில், மலைவாழ் டோங்ரியா கோந்துகளையே கேளுங்கள் என்று உச்சநீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது இச்சட்டத்தின் பலத்தில்தான். பன்னிரண்டு ஊர்ச் சபைகள் கூடின. பன்னிரண்டும் 'கூடாது' என்றன. மலை நின்றது.

அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் என்ன செய்தது? 2008இல் அது நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே, ஓய்வு பெற்ற அதிகாரிகள் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. பத்திரம் வழங்கும் வேலை முடங்கிற்று. 2016இல் உச்சநீதிமன்றம் அந்த முட்டுக்கட்டையை நீக்கும் வரை எட்டு ஆண்டுகள்! பிற மாநிலங்களில் உரிமைப் பத்திரங்கள் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டபோது சமூகநீதியின் தொட்டில் என்று நாம் மார்தட்டும் இந்த மண் கைகட்டி நின்றது. அந்த எட்டாண்டுகளில் கோட்டையில் இருந்தோர் யார்? 1967இலிருந்து அதுவரை அங்கே மாறி மாறி அமர்ந்தோரெல்லாம் நம் இயக்கத்தின் பெயரைச் சொல்லி அமர்ந்தவர்கள்தாமே? வைதிகத்தைச் சாடுவோம், வடநாட்டு ஆதிக்கத்தைச் சாடுவோம். சாட வேண்டியதே. ஆனால் வழக்கை விரைந்து முடிக்க வேண்டும் என்று இதற்காக ஒரு மாநாடு கூட்டினோமா? பளியர் வாக்கு எந்தத் தொகுதியையும் கவிழ்க்கப் போதாது என்ற கணக்கு, அரசியல்வாதியின் மனத்தில் மட்டுந்தானா இருந்தது? நம் மனத்திலும் இருந்ததென்றே அஞ்சுகிறோம்.

சட்டத்தோடு 2008இல் வந்த விதிகளில் பதின்மூன்றாம் விதி என்று ஒன்று உண்டு. எவை எவை சான்றாகும் என்பதைச் சொல்லும் விதி. அரசுப் பதிவேடும் வரைபடமும் சான்று. அவை பளியரிடம் இல்லை. அதே விதி மேலும் சொல்கிறது: இடுகாடு சான்று, கிணறு சான்று, வழிபட்டு வந்த இடம் சான்று; உரிமை கோருவோர் அல்லாத முதியவர் சொல்ல, எழுதி எடுத்த வாக்குமூலமும் சான்று. 1882இல் கச்சேரிக்கு வராத காரணத்தால் செல்லாமற்போன அந்தச் சொல், நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் முன் செல்லுபடியாகிறது.

சொல்லை எழுதி எடுக்க ஆள் வேண்டும். ஊர்ச் சபை கூட வேண்டும், அதன் வன உரிமைக் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தீர்மானம் கோட்டக் குழுவுக்கும் அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கும் போக வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்தவர், வரைபடம் படிக்கத் தெரிந்தவர், அதிகாரியின் மேசை முன் நின்று ஏன் தாமதம் என்று கேட்கத் தெரிந்தவர் நம் படிப்பகங்களில் இருக்கின்றனர். திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் அந்தப் படிப்பகங்களிலிருந்து மலையடிவாரத்துக்கு மிதிவண்டியிலேயே போய்வரலாம். எந்தப் பாறையில் தேன் கட்டும், எந்த ஓடைக்கரையில் முன்னோரைப் புதைத்தனர், காப்புக்காட்டு எல்லைக்கல் நடுமுன் குடிசைகள் எங்கே இருந்தன என்பதைச் சொல்லத் தெரிந்த முதியோர் அங்கே ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.